நெடும்பயணத்துக்குக் கேமரா: பாடியின் எடையை மட்டும் பார்க்காதீர்கள்

வாரக்கணக்கில் முதுகுப்பையோடு நடக்கப் போகிறவர்கள், சேலத்தில் கேமரா பழுதுபார்க்கும் என்னிடம் முதலில் கேட்பது, எடை குறைந்த கேமரா எது என்பதே. விளம்பரங்களில் காணும் எடை பெரும்பாலும் லென்ஸ் இல்லாத பாடியின், அதாவது கேமரா உடலின், எடைதான். லென்ஸ், மாற்று பேட்டரி, சார்ஜர், உறை ஆகிய அனைத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

லென்ஸின் பருமனைப் பெரிதும் தீர்மானிப்பது, ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவு. 36×24 மி.மீ. கொண்ட ஃபுல் ஃபிரேம் சென்சாரை எவ்வளவு சிறிய பாடியில் பொருத்தினாலும், அந்தப் பரப்பு முழுவதும் ஒளியை விழச்செய்யும் ஜூம் லென்ஸ் கனமாகவே இருக்கும். பகல் வெளிச்சத்தில் மலைக்காட்சிகளை எடுப்பவருக்கு 17.3×13 மி.மீ. கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரே போதும் என்பது என் கருத்து. (நல்ல கைப்பேசியே போதும் என்று நான் சொல்லி அனுப்பியவர்களும் உண்டு.) இரவு வானத்தையும் சோலைக்காட்டின் மங்கலையும் விரும்புவோர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரை நாடலாம். ரிக்கோ ஜிஆர் 3 என்ற சிறிய கேமரா அந்த அளவு சென்சாருடன் பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம்தான். ஆனால் அதில் ஜூம் இல்லை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, பேட்டரியும் ஏறக்குறைய 200 படங்களுக்கே தாங்கும்.

எடையைவிட அதிகமாக நான் அஞ்சுவது ஈரத்துக்கு. சட்டைப்பையில் அடங்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு நீர்த்தடுப்பு கிடையாது. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுப்பதால், ஏற்காட்டு மூடுபனியின் ஈரமும் பாதைப் புழுதியும் கூடவே நுழைகின்றன. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் சென்சார்மேல் தூசு படிந்தால், கேமராவையே பிரித்துத்தான் துடைக்க முடியும்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டருக்கும் கீழே. குளிர்ந்த கேமராவோடு இறங்கி வந்து, நகரத்தின் வெப்பமான ஈரக்காற்றில் உடனே பையைத் திறந்தால், கண்ணாடியின்மேல் நீர் பூக்கும். மலையிலேயே காற்றுப் புகாத ஜிப் உறையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்து, கீழே வந்தபின் கேமராவின் குளிர்ச்சி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நனைந்த கேமராவை அரிசிக்குள் புதைப்பது வீண்வேலை. அரிசி மாவுத்தூள் பட்டன் இடுக்குகளில் நுழைவதுதான் மிச்சம்.

யூஎஸ்பி வழியே நேரடியாக சார்ஜ் ஆகும் கேமராவாக இருந்தால், பவர் பேங்க் ஒன்றே கைப்பேசிக்கும் அதற்கும் உதவும். விமானத்தில் செல்வோர் மாற்று பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும்.

செலவைக் குறைக்கப் பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், லென்ஸின் ஒருபுறம் கைப்பேசி டார்ச்சை அடித்து மறுபுறமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. லென்ஸின் மேற்பூச்சு வரை அது அரித்திருந்தால், என்னைப் போன்றவர்கள் துடைத்துக் கொடுத்தாலும் தடம் போகாது.