கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு சாகாது

"நாங்கள் கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்கிறோம், டாக்டர்." இந்த ஒரு வாக்கியத்தை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது!

கடைசியாகச் சொன்னவர் நாற்பதைத் தாண்டிய ஆண். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புகிறார். குந்தி உட்கார முடியாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூட்டுவாதம் என்று நம்பி வலி மாத்திரைகளாக விழுங்கி, வயிற்றையும் புண்ணாக்கிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு அளவுக்கு மீறி வெளுத்திருந்தது. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. கூட வந்த மகனின் முன்பற்களில் பழுப்புப் பட்டைகள். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்கச் சொன்னேன். லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு; பாறையிலிருந்து நீரில் கரையும் இது அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 1.5. இதைச் சொன்னபோதுதான் அந்த வாக்கியம் வந்தது, சற்றுக் கோபத்தோடு.

(இளைய மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: காரணம் பிடிபடாத முதுகு விறைப்போடு ஒருவர் வந்தால் முன்கையையும் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்க அரை நிமிடம் போதும்.)

கிருமிக்கு உயிர் உண்டு, சூட்டில் செத்துவிடும். ஃபுளோரைடும் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமமும் ஈயமும் உயிருள்ளவை அல்ல, சாவதற்கு. நீர் ஆவியாகப் போகும். கரைந்திருப்பவை பாத்திரத்திலேயே தங்கிவிடும். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் கரிப்பு குறைகிறதா, கூடுகிறதா? அதே கணக்குதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள நீரைப் பாதியாகச் சுண்ட வைத்தால் 3 மில்லிகிராம் ஆகிறது. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டால்? இன்னும் கூடும். ஆறவைத்துத் துணியில் வடிகட்டினால்? கரைந்ததைத் துணி பிடிக்காது. கரி வடிகட்டி? குளோரின் வாடையைப் போக்கும், ஃபுளோரைடை விட்டுவிடும். புற ஊதா விளக்கு பொருத்திய கருவி? அதுவும் கிருமிக்கானது. தெளிவாக இருக்கிறதே, இனிப்பாக இருக்கிறதே என்பீர்கள். குடிநீரில் கலந்திருக்கும் அளவில் ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. உங்கள் நாக்கு ஆய்வுக்கூடம் அல்ல.

அதற்காகக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள்! கிருமிக்கு அது நல்ல மருந்து. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள் என்பதுதான் செய்தி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை வங்கதேசம் காட்டியது. குளம், ஆற்று நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்ததால் 1970களிலிருந்து ஏராளமான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. கிருமி இல்லாத நீர் கிடைத்தது. அந்த நீரில் பாறைப் படிவுகளிலிருந்து கரைந்த ஆர்சனிக் இருந்தது 1990களில்தான் தெரியவந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் குடித்துவிட்டார்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து முடிச்சு முடிச்சாகும். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெளித்த மாதிரி நிறம் மாறும். ஆண்டுகள் கழித்துத் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்கள் வரும். பிறகு கிணறுகளைச் சோதித்து, ஆபத்தான குழாய்களுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். சிவப்புக் குழாய்க்குச் சில அடி தள்ளியே பச்சைக் குழாயும் இருந்தது. அடுத்த வீட்டுக் கிணறு நன்றாக இருப்பதால் உங்கள் கிணறும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"ஆலைக் கழிவு எதுவும் இங்கே இல்லையே" என்பது அடுத்த ஆறுதல். ஆலைகள் செய்த பாவம் பெரியதுதான்: மினமாட்டா ஊரின் பாதரசமும், ஜின்சு ஆற்றங்கரை மக்களின் எலும்பை நொறுக்கிய கேட்மியம் என்ற உலோகமும் ஜப்பான் மறக்காத பெயர்கள். ஆனால் மேலே சொன்ன ஃபுளோரைடையும் ஆர்சனிக்கையும் யாரும் கொட்டவில்லை, பூமியே கொடுத்தது. மண்ணும் பாறையும் ஊருக்கு ஊர் வேறுபடும், அதன்படி மனிதர்களின் நோயும் வேறுபடும். செலினியம் என்ற தனிமம் மண்ணில் மிகக் குறைந்த சீனாவின் கேஷான் பகுதியில் குழந்தைகளும் இளம் பெண்களும் இதயத் தசை பழுதாகி இறந்தார்கள். அதே சீனாவின் என்ஷி பகுதியில் செலினியம் மிகுந்ததால் முடியும் நகமும் உதிர்ந்தன. ஒரு நாடு, ஒரு தனிமம், இரண்டு நோய்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய செலினியம் 55 மைக்ரோகிராம்தான். கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம் என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள் மாத்திரையில் மட்டும் தாராளமாக இருப்பதுதான். ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும், நடக்கும்போது கால் எங்கே படுகிறது என்றே தெரியாத தள்ளாட்டமும் கொண்ட ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். இரும்பு கொடுத்தும் பி12 ஊசி போட்டும் பலனில்லை. கடைசியில் கைப்பையிலிருந்து வெளியே வந்தது துத்தநாக மாத்திரை. ஒவ்வொன்றிலும் 50 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. பெரியவர்களுக்கு உச்ச வரம்பே 40. எதிர்ப்புச் சக்திக்காக யாரோ சொல்லித் தொடங்கியவர், நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் தொடர்ந்திருக்கிறார். துத்தநாகம் அளவு மீறினால் குடல் தாமிரத்தை உள்ளே விடாது. அவருக்கு வந்தது தாமிரக் குறைபாடு. ரத்தம் தேறிவிட்டது. கால் முழுவதுமாகத் தேறவில்லை. நரம்பு அவ்வளவு எளிதில் மன்னிக்காது. "மருந்து எதுவும் எடுக்கவில்லை, வெறும் சத்து மாத்திரைதான்" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மருந்து கொடுத்து உடலிலிருந்து உலோகத்தை இழுத்து வெளியேற்றுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடமும் போகாதீர்கள். அந்த மருந்துகள் ஈய நச்சு உறுதியானவர்களுக்கு உயிர் காப்பவை. தவறான வகையைத் தவறான ஆளுக்குக் கொடுத்ததில் ரத்தத்தின் கால்சியம் சரிந்து இறந்தவர்கள் உண்டு.

சரி, என்ன செய்வது? கிணற்று நீர் குடிப்பவர்கள் ஒரு முறையாவது ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் சோதித்துவிடுங்கள். கிணற்றை ஆழப்படுத்தினால் மறுபடியும் சோதியுங்கள். அளவு கூடியிருந்தால் வேறு நீருக்கு மாறுங்கள்; முடியாவிட்டால் அந்தத் தனிமத்தை நீக்கும் என்று சோதனையில் நிரூபித்த கருவியை மட்டும் வாங்கி, பொருத்திய பிறகு வெளிவரும் நீரையும் சோதியுங்கள். பழைய ஈயக் குழாய் உள்ள வீட்டில் காலையில் முதலில் வரும் நீரைக் குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். வெந்நீர்க் குழாயிலிருந்து எடுக்கவே கூடாது, சூட்டில் ஈயம் கூடுதலாகக் கரையும். ஆனால் ஈயத்தைச் சோதிக்க நீர் பிடிக்கும்போது அந்த முதல் நீரைத்தான் பிடிக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "எங்கள் வீட்டில் ஈயமே இல்லை" என்று வருகிறவர்கள் அதிகம். பழைய பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். பேட்டரி, ஈயப் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது; இரும்புச் சத்துக் குறைந்த குழந்தை ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

கருவுற்ற பெண்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: இயற்கையானது என்ற பெயரில் அயோடின் சேர்க்காத உப்புக்கு மாறாதீர்கள். கடல் உப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம், கல்லுப்பிலும் அப்படித்தான். உங்களுக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை அதை நம்பித்தான் வளர்கிறது. அப்போது விட்டதைப் பிறகு ஈடுகட்ட முடியாது.

சோதனை முடிவு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். ஆர்சனிக்கின் வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமும் 0.01 மில்லிகிராமும் ஒன்றுதான், 0.05 மில்லிகிராமைப் பார்த்து "பூஜ்யம்தானே வருகிறது" என்று ஒருவர் நிம்மதியாக இருந்தார், அது வரம்பைப் போல ஐந்து மடங்கு. புரியாவிட்டால் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். வீட்டில் இருக்கும் அத்தனை சத்து மாத்திரை டப்பாக்களையும் அதே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.