கொலோடியன்: ஈரத்தட்டு ஒளிப்படத்தின் பசை

பருத்திப் பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்து, அமிலம் போகக் கழுவி உலர்த்தி, ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் கரைத்தால் கிடைக்கும் பிசுபிசுப்பான திரவமே கொலோடியன். எதன் மேலாவது ஊற்றினால் ஈதர் சில நொடிகளில் பறந்துவிடும். நிறமற்ற மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். 1851 முதல் ஏறத்தாழ 1880 வரை பிரிட்டனில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் படலத்தில் பதிந்தவை. விக்டோரியா காலத்து முகங்கள், தெருக்கள், போர்க்களங்கள் என்று நாம் இன்று பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பசையின் வழியாக வந்தவைதான்.

சொல்லின் வேர்

கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை. 'கொல்லோதேஸ்' என்றால் பசை போன்றது. அதிலிருந்து வந்தது கொலோடியன். கொலாஜன், கொலாஜ், தாமஸ் கிரகாம் 1861-இல் உருவாக்கிய கொலாய்டு ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. புரோட்டோகால் என்ற சொல்லுக்குள்ளும் அதே பசைதான் இருக்கிறது: பப்பைரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாளுக்கு அப்படிப் பெயர்.

இப்படி அமிலம் ஏற்றியதால் வெடிக்கும் தன்மை பெற்ற பஞ்சை, அதாவது வெடிப்பஞ்சை, 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் வெளிப்படுத்தினார். அதன் ஒருவகை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரையும் என்பது உடனேயே தெரியவந்தது. முதலில் அதைப் பயன்படுத்தியவர்கள் ஒளிப்படக்காரர்கள் அல்லர், மருத்துவர்கள். வெட்டுக்காயத்தின் மேல் பூசினால் தோலோடு ஒட்டி, நீர் புகாத மூடியாக நின்றது. கால் ஆணிக்கும் மருவுக்கும் பூசும் சாலிசிலிக் அமில மருந்துகளில் இன்றும் கொலோடியன் இருக்கிறது. பூசியவுடன் மூக்கில் ஏறும் அந்த நெடி ஈதருடையது.

லண்டனில் சிற்பியாக இருந்த பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர், தம் சிற்பங்களுக்கு முன்மாதிரியாக முகப்படங்கள் எடுத்துவந்தார். அப்போது புழங்கிய கலோடைப் முறையில் நெகடிவ் தாளில் விழும். தாளின் நார் படத்தில் தெரியும். கண்ணாடியில் நார் இல்லை, ஆனால் ஒளியுணர் உப்பு அதில் ஒட்டி நிற்காது. ஒட்டவைக்கக் கொலோடியனைக் கையாண்டு, முறை முழுவதையும் 1851 மார்ச்சில் 'தி கெமிஸ்ட்' இதழில் வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. கலோடைப்பை 1841-இல் காப்புரிமை செய்திருந்த ஹென்றி பாக்ஸ் டால்பட், கொலோடியனும் தம் உரிமைக்குள் அடங்கும் என்று லரோஷ் என்ற ஒளிப்படக்காரர் மேல் வழக்குத் தொடுத்தார். 1854 டிசம்பரில் நடுவர் குழு லரோஷ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு ஊருக்கு ஊர் ஸ்டூடியோ முளைத்தது. ஆர்ச்சர் 1857-இல் வறுமையில் இறந்தார். தன் கண்டுபிடிப்பை இப்படிப் பொதுவில் வைத்தவரின் பெயர் டால்பட், வெள்ளித்தகட்டில் படமெடுக்கும் டகேரோடைப் முறையைத் தந்த டகேர் ஆகியோரின் பெயர்களைப் போலப் பரவவில்லை என்பது வருத்தமான செய்தி.

ஏன் ஈரம்

கொலோடியனுக்கு ஒளி தெரியாது. தமிழில் எழுதுவோர் பலர் தடுமாறும் இடம் இது. ஒளியை உணர்வது வெள்ளி அயோடைடு: கொலோடியனில் கலந்த அயோடைடு உப்பு, தட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைக்கும்போது அப்படி மாறும். கொலோடியன் அதைக் கண்ணாடியில் பிடித்து வைத்திருக்கும் படலம், அவ்வளவே. தட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து எடுக்கும்போது படலத்தின் மேல் அந்தக் கரைசல் கொஞ்சம் தங்கியிருக்கும். ஒளி பட்ட இடத்தில் உருவம் தடிப்பதற்கு வேண்டிய வெள்ளி அதிலிருந்துதான் வருகிறது. ஈரம் காய்ந்தால் வெள்ளி நைட்ரேட் செறிந்து படிகமாகும், அயோடைடை அரித்துத் துளையிடும். படலமும் இறுகிவிடுவதால், உருவத்தை வெளிக்கொணரும் (துலக்கும்) திரவம் உள்ளே போகாது. ஆகவே பூசுவது, நனைப்பது, எடுப்பது, துலக்குவது எல்லாம் தட்டு ஈரமாக இருக்கும்போதே முடிய வேண்டும். இங்கிலாந்தின் குளிரில் சுமார் 10 முதல் 15 நிமிடம் கிடைக்கும். வெயிலில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

வேலை நடக்கும் விதம்

கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும்; கூராக விட்டால் கை கிழியும், படலமும் ஓரத்தில் பிடிக்காது. பிறகு சுண்ணத்தூளையும் ஆல்கஹாலையும் குழைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, மூச்சு விட்டுப் பார்ப்பார்கள். மூச்சின் ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தால் கண்ணாடி சுத்தம். திட்டுத் திட்டாக மறைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். படலம் உரியாமலிருக்க ஓரத்தில் மட்டும் முட்டை வெள்ளைக்கரு தடவுவதும் உண்டு.

கொலோடியனில் 100 மில்லிக்கு 1 முதல் 2 கிராம் வரை நைட்ரேற்றிய பஞ்சு, 1 கிராம் அளவுக்குப் பொட்டாசியம் அல்லது கேட்மியம் அயோடைடு, அதற்கும் குறைவாகப் புரோமைடு இருக்கும். புதிதாகக் கலந்தது வெளிர் மஞ்சள். நாளாக ஆக அயோடின் பிரிந்து சிவக்கும். சிவந்தது ஒளிக்கு மந்தமாகும், ஆனால் படம் அழுத்தமாக வரும்.

தட்டின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு குளம்போல் ஊற்றி, ஒவ்வொரு மூலைக்காகச் சாய்த்து ஓடவிட்டு, மிச்சத்தைக் கடைசி மூலை வழியாகப் புட்டிக்கே திருப்ப வேண்டும். வடியும்போது தட்டை முன்னும் பின்னும் ஆட்டாவிட்டால் வரிவரியாகத் தடித்துவிடும். மனத்தில் எண்ணிக்கொண்டே செய்பவர்கள் உண்டு, ஆனால் நம்பத்தக்க அடையாளம் கடைசி மூலையில்தான் இருக்கிறது: விரல் வைத்தால் ஓடாமல் ரேகை பதிய வேண்டும். அதற்கு முன் வெள்ளிக் கரைசலில் இறக்கினால் படலம் கிழியும். பிந்தினால் கரைசலை ஏற்காது.

அடுத்தது இருட்டறை. வெள்ளி அயோடைடு நீலத்தையும் புற ஊதாவையும் மட்டும் உணரும். ஆகவே மஞ்சள் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் வேலை செய்யலாம். வெள்ளி நைட்ரேட் கரைசலின் அளவு, அவுன்ஸ் நீருக்கு 30 முதல் 35 கிரெயின். இன்றைய கணக்கில் 100 மில்லிக்கு 7 முதல் 8 கிராம். நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு, இலேசான அமிலத் தன்மையோடு வைத்திருக்க வேண்டும். தட்டை நிறுத்தாமல் ஒரே சீராக இறக்க வேண்டும். நடுவில் நின்றால் நின்ற இடத்தில் கோடு விழும். 3, 4 நிமிடத்தில் படலம் பாலாடை நிறமாகும். வெளியே எடுக்கும்போது எண்ணெய்ப் படிந்ததுபோல் நீர் பிரிந்து ஓடினால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள்.

தட்டை ஒளி புகாத சட்டத்தில் வைத்துக் கேமராவுக்குக் கொண்டுபோவார்கள். வடிந்த மூலை கடைசி வரை கீழேயே இருக்க வேண்டும். திருப்பிவிட்டால் வெள்ளிக் கரைசல் பின்னோக்கி வழிந்து படத்தில் தாரை விழும்.

திரும்பி வந்ததும் துலக்குவது. நம் ஸ்டூடியோக்காரர்கள் 'படம் கழுவுவது' என்பார்களே, அதுதான். ஆர்ச்சர் பைரோகாலிக் அமிலத்தைச் சொன்னார். பின்னர் பெர்ரஸ் சல்பேட், அதாவது நம் நாட்டு மருந்துக்கடைகளில் அன்னபேதி என்று பெயர் சொல்லும் பொருள், வழக்கமாயிற்று. 100 மில்லி நீரில் 3 முதல் 5 கிராம், அதோடு அசிட்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹால். ஒரே வீச்சில் தட்டு முழுவதும் பரவ வேண்டும், விளிம்பைத் தாண்டிக் கொட்டவும் கூடாது. கொட்டினால் மேலே இருந்த வெள்ளியும் அதோடு போய்விடும். அந்த இடம் மங்கலாகும். 15, 20 நொடியில் உருவம் எழும்பும். உடனே தண்ணீர் ஊற்றி நிறுத்த வேண்டும். மிஞ்சிய அயோடைடைக் கரைக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) அல்லது பொட்டாசியம் சயனைடு. சயனைடு வேகமானது, படமும் தெளிவாக வரும். ஆனால் துலக்கியிலுள்ள அமிலம் சரியாகக் கழுவப்படாமல் அதோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். விரலில் ஏறிய வெள்ளிக் கறையைப் போக்கவும் சயனைடையே தேய்த்துக்கொண்ட காலம் அது. கடைசியாகத் தட்டை மிதமாகச் சூடாக்கிச் சாண்டரக் பிசின், ஆல்கஹால், லாவெண்டர் எண்ணெய் கலந்த வார்னிஷ் பூசுவார்கள்.

எங்கே கெடும்

வால்நட்சத்திரம்போல் புள்ளியும் வாலுமாக விழுவது தூசியால். படம் முழுவதும் சாம்பல் பூத்தால் வெள்ளிக் கரைசலில் அமிலம் குறைந்திருக்கும், அல்லது ஈதரும் ஆல்கஹாலும் அழுக்கும் சேர்ந்திருக்கும். அந்தக் கரைசலைக் கொட்டுவதில்லை. புட்டியோடு வெயிலில் வைத்தால் அழுக்கு கறுத்துப் படியும். வடிகட்டி மறுபடி அமிலம் சேர்ப்பார்கள். ஓரங்களில் அலை அலையான கறை வந்தால் சட்டத்தின் மூலைகளைத் துடைக்கவில்லை என்று அறிய வேண்டும்.

கிரிமியப் போருக்கு 1855-இல் போன ஆங்கில ஒளிப்படக்காரர் ரோஜர் பென்டன், மது வணிகர் ஒருவரின் வண்டியை இருட்டறையாக மாற்றி, 700 கண்ணாடித் தட்டுகளோடு கப்பலேறினார். கோடை ஏறியபோது வண்டிக்குள் சூடு தாங்காமல், தட்டு கேமராவுக்குப் போகுமுன் காய்ந்தது. ஒளி படவேண்டிய நேரம் சில நொடிகளாவது இருந்ததால் ஓடும் குதிரையோ வெடிக்கும் குண்டோ அவர் படங்களில் கிடையாது. முகாம்களும் அசையாமல் நிற்கும் மனிதர்களும்தான் உண்டு. சிவப்புச் சீருடை கறுத்தும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் விழுவது அயோடைடின் இயல்பு. அதை வைத்து அன்றைய வானிலையை ஊகிக்கக் கூடாது.

கொல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் கேமராவைத் தொட்டார். இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டரில் நிலக்கரி அறையை இருட்டறையாகவும், கோழிக் கூண்டை ஸ்டூடியோவாகவும் மாற்றிக்கொண்டார். துலக்கி அலைந்த தடம், தூசிப் புள்ளி, உரிந்த ஓரம் எல்லாம் அவர் படங்களில் அப்படியே இருக்கும். தேர்ந்த ஒளிப்படக்காரர்கள் அவற்றைக் குறையென்று கடிந்தார்கள். ஆனால் பக்கத்தில் வந்து, வெளிச்சத்தை ஒருபுறமாக விட்டு அவர் பதித்த முகங்களின் ஆழத்தை, குறையில்லாத ஸ்டூடியோ படங்களில் தேடினாலும் காண முடியாது. 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தவர், களுத்துறையிலும் தோட்டப் பகுதியிலும் தொழிலாளர்களை எடுத்தார். வெப்பமும் மருந்துப் பொருள் கிடைக்காமையும் ஈரத்தட்டுக்குப் பகை. அங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை மிகச் சிலவே. 1879-இல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

தமிழில் என்ன சொல்வது

பொருளைக் குறிக்கக் கொலோடியன் என்றே எழுதலாம். விளக்கம் வேண்டுமிடத்தில் 'பஞ்சுப்பசை' பொருந்தும்: மூலப்பொருளும் வேர்ப்பொருளும் அதில் இரண்டுமே வந்துவிடுகின்றன. 'வெடிப்பஞ்சுக் கரைசல்' என்பது தவறு. நைட்ரேற்றம் முழுமையாக ஏறிய வெடிப்பஞ்சு இந்தக் கலவையில் கரையாது. கரைவது ஏற்றம் குறைந்த வகை. 'கூழ்மம்' கொலாய்டுக்கு நிலைத்துவிட்டதால் அதையும் இங்கே இழுக்க வேண்டாம்.

முறையைக் குறிக்க 'ஈரத்தட்டு முறை' போதும். 'ஈரக் கொலோடியன்' என்பது ஆங்கிலச் சொல்லடுக்கின் நகல். ஈரம் தட்டுக்குத்தான், பசைக்கு அல்ல. நெகடிவ் என்பதை 'எதிர்ப்படி' என்றால் 'நேர்ப்படி'யும் இணையாக நிற்கும். போட்டோகிராபிக்கு 'ஒளிப்படக் கலை' என்பதே வேரோடு ஒத்தது. 'புகைப்படம்' பொருந்தாது, இந்த முறையில் எந்தப் படியிலும் புகைக்கு வேலையில்லை.

ஆம்ப்ரோடைப், இரும்புத்தகடு இரண்டிலும் அதிகக் குழப்பம். ஒளி குறைவாகப் பட்ட எதிர்ப்படியின் பின்னால் கறுப்புத் துணியோ வார்னிஷோ வைத்தால் அது நேர்ப்படம்போல் தெரியும். பிரிட்டனில் அதற்குக் கொலோடியன் பாசிட்டிவ் என்று பெயர், அமெரிக்காவில் ஆம்ப்ரோடைப். தமிழில் 'கண்ணாடி நேர்ப்படம்'. டின்டைப் என்பதைத் 'தகரப்படம்' ஆக்குவது பிழை, அதில் தகரமே இல்லை. கறுப்பு வார்னிஷ் பூசிய இரும்புத் தகடு. 'இரும்புத்தகட்டுப் படம்' என்க. பழைய உறைப்பெட்டியில் படம் கிடைத்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: இழுத்தால் இரும்புத்தகடு. கண்ணாடிபோல் மின்னி, சாய்க்கும்போது உருவம் மறைந்து மறைந்து தெரிந்தால் டகேரோடைப். இரண்டுமில்லாமல் பின்புறக் கறுப்பை எடுத்ததும் எதிர்ப்படியாக மாறினால் அதுவே கண்ணாடி நேர்ப்படம்.

அதைத் துடைக்க ஆல்கஹால் கலந்த எதையும் தொடக் கூடாது. வார்னிஷ் கரையும், அதோடு படலமும் போகும். தண்ணீரும் வேண்டாம், உரிந்த ஓரத்தின் அடியில் நீர் புகுந்து படலத்தைத் தூக்கிவிடும். படலம் இல்லாத கண்ணாடிப் பக்கத்தை மட்டும் மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டி, அமிலம் இல்லாத தாளில் சுற்றி, கண்ணாடியை நெட்டுக்குத்தலாக நிறுத்தி வைப்பதே பாதுகாப்பு.