மங்கிய அறையில் ஒரு பச்சை முகம்

"அரை இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஓவியர்கள் பச்சை முகமும் நீலக் கைகளுமாக வரைகிறார்கள். அப்படி ஒரு தோல் உலகத்தில் கிடையாது. ஆனாலும் ஆள் ஆளாகவே தெரிகிறார், எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இரண்டு வகை இருப்பது பள்ளிப் பாடம். கூம்புகள் சுமார் 60 லட்சம். நிறம் பிரிக்கும், ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். குச்சிகள் 12 கோடி. துளி ஒளி போதும், நிறம்தான் பிடிபடாது. சரி, இது தெரிந்ததுதான்.

இரண்டும் சேர்ந்து அரைகுறையாக வேலை செய்யும் அந்த மங்கல் நேரம்தான் எனக்குப் பிடித்தது. பகலில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகப் படுவது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சை. குச்சிகளின் கைக்கு வேலை போகப் போக, அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, நீலப் பக்கமாக நகர்கிறது. சிவப்பு குச்சிகளுக்கு ஏறக்குறைய தெரியவே தெரியாது. ஒரு பெண் சிவப்புப் புடவையும் நீல ரவிக்கையும் உடுத்தி ஜன்னலோரம் இருக்கிறாள் என்று வையுங்கள். பகலில் புடவைதான் கண்ணைப் பறிக்கும். பொழுது சாயச் சாய அது கறுத்துக்கொண்டே போகும். ரவிக்கையோ சாம்பல் ஒளியோடு மேலே எழுந்து வரும். இதில் எது 'உண்மையான' நிறம்? கண்ணே ஒரு முடிவுக்கு வராதபோது ஓவியரை ஏன் குறை சொல்ல வேண்டும்?

இதை 1819இல் கவனித்தவர் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே. விடியலில் பூவையும் இலையையும் வேடிக்கை பார்த்ததுதான் அவர் செய்த ஆராய்ச்சி. இன்று நிதி கேட்டிருந்தால் 'இதனால் என்ன பயன்?' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் வானியலாளர்கள் சிவப்பு டார்ச் வைத்திருப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே சங்கதிதான்: சிவப்பு ஒளி, இருட்டுக்குப் பழகிய குச்சிகளை அவ்வளவாகக் கலைக்காது.

(விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சிகளே இல்லை. இருட்டில் ஓரக்கண்ணில் தெரிந்த உருவம் நேராகப் பார்த்ததும் மறைவது அதனால்தான். பேய்க்கு இதில் பங்கில்லை.)

இப்போது பச்சை முகத்துக்கு வருவோம். மூளையில் மேடு பள்ளத்தையும் ஆழத்தையும் கணிக்கும் பகுதி நிறத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. எது வெளிர், எது அடர் என்றுதான் பார்க்கிறது. விளக்கு படும் கன்னம் எவ்வளவு வெளிறியிருக்குமோ அவ்வளவு வெளிறிய பச்சையும், தாடைக்குக் கீழே அதற்கேற்ற அடர்நீலமும் வைத்துவிட்டால் முகம் உருண்டு நிற்கும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905இல் தன் மனைவியை முகத்தில் பச்சை தீற்றி வரைந்தபோது பாரிஸ் சிரித்தது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், சாதாரண உருவப்படம் போலத்தான் இருக்கும்.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லொத்ரெக், பாரிஸின் மூலின் ரூஷ் கேளிக்கை விடுதியை வரைந்த 'மூலின் ரூஷில்' ஓவியத்தின் வலது ஓரத்திலும் ஒரு பச்சை முகம் உண்டு. அது மட்டும் நம்மைத் திடுக்கிட வைக்கும். பச்சையைவிட, ஒளி கீழிருந்து வருவதுதான் காரணம் என்பது என் கணிப்பு. வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று நம்பி இருக்கும் மூளை அங்கே தடுமாறுகிறது.

வரைபவர்களுக்கு ஒன்று: மங்கிய அறையைப் பார்த்து வரையலாம், ஆனால் வண்ணக் கலவைத் தட்டின் மேல் தனியாக ஒரு விளக்கு வேண்டும். இருட்டிலேயே கலந்தால் சிவப்பு போதவில்லை என்று அள்ளி அள்ளி வைப்பீர்கள். மறுநாள் வெயிலில் அது கத்தும்.