கமரா வாங்க முதல் அது ஆரோட சேரும் எண்டு கேளுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்ப லைவ் செய்யிற பெடியள் கூடிட்டினம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் எண்டால் கனடா, லண்டன் சனமெல்லாம் போனும் கையுமாத்தான் இருக்கும், அதை நம்பி கடன்பட்டும் சாமான் வாங்கினம். இந்தத் தொழிலில நிக்கிற ஆளாச் சொல்லுறன், விலையைப் பாக்கிறியள், 4கே எண்டு பாக்கிறியள், மற்றக் கொம்பனிச் சாமானோட சேருமோ எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறேல்ல.

முந்தி எஸ்டிஐ எண்ட வீடியோ வயரைக் கொழுவினால், போர்மட் ஒண்டா இருந்தால் காணும், எந்தக் கமராவும், கமராக்களை மாத்திக் காட்டுற எந்த மிக்சரிலயும் வேலை செய்யும். இப்ப மிக்சர், எழுத்துப் போடுறது, ரீப்ளே எல்லாம் கொம்பியூட்டருக்குள்ள மென்பொருளா வந்திட்டுது. 2017 இல வந்த எஸ்எம்பிடிஇ 2110 எண்ட தரவிதி படத்தையும் சத்தத்தையும் தனித்தனியா நெட்வேர்க்கில அனுப்பும், ஆனா அது பெரிய ரிவி நிலையங்களுக்கு, அமுக்காத எச்டி ஒண்டுக்கே செக்கனுக்கு 1.5 கிகாபிட் கிட்ட வேணும், எங்கட சாதாரண கிகாபிட் சுவிச் தாங்காது.

எங்களுக்குச் சரிவாறது என்டிஐயும் எஸ்ஆர்டியும்தான், முதலாவது உள்ளுக்க இருக்கிற நெட்வேர்க்கில படம் அனுப்புற வழி, மற்றது இன்டர்நெட்டால அனுப்புற வழி. என்டிஐ ஒரு கொம்பனியின்ர சொத்து, எண்டாலும் கனபேர் அதைச் சேர்த்திருக்கினம். படத்தைக் குறைவா அமுக்கிற முழு என்டிஐ ஒரு கமராவுக்கே 100 மெகாபிட்டுக்கு மேல எடுக்கும், வைபையை நம்பாதேங்கோ. எஸ்ஆர்டி 2017 இல இருந்து ஓப்பின் சோர்ஸ், வழியில துலைஞ்ச பக்கெற்றை, அதாவது தரவுத் துண்டை, திருப்பிக் கேட்டு எடுக்கும். கோயிலடியில சனம் கூடி டவர் திணறேக்க அதுதான் கைகுடுக்கும், ஆனா லேட்டன்சியை, அதாவது படம் பிந்திற நேரத்தை, அது வாற 120 மில்லிசெக்கனிலயே விட்டிட்டு படம் உடையுது எண்டு கத்துறதில பிரியோசனமில்ல, பிங், அதாவது தரவு போய்த் திரும்பி வாற நேரம், 200 எண்டால் 800 எண்டு வையுங்கோ, நாலு மடங்கு கணக்கு.

மென்பொருள் எண்டவுடன எல்லாத்தோடயும் சேரும் எண்டும் நினைக்காதேங்கோ. தெரிஞ்ச பெடியள் வாங்கின, படத்தை அமுக்கி அனுப்புற என்கோடர் ஒண்டு தன்ர கொம்பனிக் கிளவுட்டுக்கு மட்டும்தான் அனுப்பும், மாதக் காசு கட்டாட்டி பெட்டி சும்மா கிடக்கும். அவ்வளவு காசு போட்டதுகள், பாக்க வயிறெரியுது. ஐரோப்பாவில பெரிய ஒலிபரப்பு நிலையங்களுக்கும் இதே கவலைதான், அதாலதான் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் எம்எக்ஸ்எல் எண்ட ஓப்பின் சோர்ஸ் வேலைக்குப் பின்னால நிக்குது, வேற வேற கொம்பனி மென்பொருள் ஒரே மெமரியில படத்தைப் பகிர்ந்து எடுக்கிற வழி அது.

நீங்கள் ஓபிஎஸ் எண்ட லைவ் செய்யிற மென்பொருள் போட்ட லப்டொப்பைக் கடைக்கே கொண்டு போங்கோ, ஓபிஎஸ் இலவசம்தானே. அங்கயே கொழுவி எஸ்ஆர்டியில படம் வருதோ எண்டு பாத்திட்டுக் காசைக் குடுங்கோ, விக்கிறவர் "பிறகு அப்டேட்டில வரும்" எண்டால் வந்தாப் பிறகு வாறம் எண்டு சொல்லுங்கோ.