மூன்றாம் அத்தியாயத்துத் தாலி

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள் என்பதால், காதல் நாவல் எழுதும் தோழிகள் சிலர் வெளியிடும் முன் தங்கள் கதையை எனக்கு அனுப்புவதுண்டு. "கோர்ட் காட்சி மட்டும் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் அக்கா" என்பார்கள். அண்மையில் வந்த கதையிலும் அதே வேண்டுகோள்தான். முப்பதாவது அத்தியாயத்தில் நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டி விவாகரத்து வழங்குகிறார். நம் நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. அதைத் திருத்த ஒரு வரி போதும். என்னால் திருத்த முடியாதது மூன்றாவது அத்தியாயம். நாயகியின் அண்ணன்மேல் உள்ள பகையைத் தீர்த்துக்கொள்ள, நாயகன் அவளைக் காரில் கடத்திப் போய், ஒரு மலைக்கோயிலில் கையை முறுக்கிப் பிடித்துத் தாலி கட்டுகிறான். அது சரியா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இருபதாவது அத்தியாயத்தில் அவள் அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கிறாள். இருபத்தைந்தில் அவன் சட்டையை எடுத்து முகர்ந்து தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். இடையில் என்ன நடந்தது? அவனுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தது. அவன் சிறுவயதில் தாயை இழந்தவன் என்று பாட்டி சொன்னார். அவ்வளவுதான். பயம் எங்கே போயிற்று, கோபம் எங்கே போயிற்று, முறுக்கிய அந்தக் கை எத்தனை நாள் வலித்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்படிப்பட்ட மூன்றாம் அத்தியாயங்கள் எத்தனை என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

"தாலி ஏறிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்?" இந்த ஒரு வரியின்மேல்தான் அத்தனை கதைகளும் நிற்கின்றன. நாயகி சொல்வாள், அவளுடைய அம்மா சொல்வார், நாயகனின் பாட்டி கூடுதலாகக் கொஞ்சம் கண்ணீரோடு சொல்வார். ஆகவே பொறுமையாகவே சொல்கிறேன். செய்ய முடியும். நிறையச் செய்ய முடியும்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவருடைய சம்மதம் பலவந்தத்தாலோ மோசடியாலோ பெறப்பட்டிருந்தால், அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கும்படி அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். இது விவாகரத்திலிருந்து வேறுபட்டது. விவாகரத்து, ஒரு திருமணம் முறையாக இருந்தது, இப்போது முடிகிறது என்கிறது. இது, அந்தத் திருமணத்தின் அடித்தளமே கோணல் என்கிறது. தமிழ்நாட்டுக்கென்று 1967-இல் கொண்டுவந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. உற்றார் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். "பார்த்தீர்களா, தாலி கட்டினால் போதும் என்று சட்டமே சொல்கிறதே" என்று ஓர் எழுத்தாளர் என்னோடு வாதாடினார். அம்மா, போதும் என்பது சடங்குக்கு. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம், ஏழு அடி நடக்க வேண்டாம் என்பதற்கு. பெண்ணின் விருப்பமும் வேண்டாம் என்று அந்தத் திருத்தத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. (அவள் மறுக்க மறுக்கக் கழுத்தில் கயிறு விழுந்ததா, மிரட்டலுக்கு அஞ்சித் தலையாட்டினாளா என்பதைப் பொறுத்து நாங்கள் போடும் மனுவின் வகை மாறும். அது வக்கீல்களின் தலைவலி. உங்கள் நாயகி அதைச் சுமக்க வேண்டியதில்லை.)

காரில் தூக்கிப் போனது தனிக் குற்றம். கட்டாயத் திருமணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 366-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 87-ஆவது பிரிவில் இருக்கிறது. பத்தாண்டுகள் வரை சிறை. தெரிந்தே கார் ஓட்டிக் கொடுத்தானே, நகைச்சுவைக்கென்று நீங்கள் வைத்திருக்கும் அந்த நண்பன், அவனும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன்தான்.

இனி, எந்த நாவலிலும் நான் பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். 12-ஆவது பிரிவில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பலவந்தம் நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். அது நின்ற பிறகு முழுச் சம்மதத்தோடு அவனோடு கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) தாய்மாமன் மகனுக்கு, அவள் மறுக்க மறுக்க, சொந்த பந்தங்கள் கூடிக் கட்டிவைத்த கல்யாணம். சில வாரத்திலேயே திரும்பி வந்தவளை "போகப் போகப் பிடித்துவிடும்" என்று சமாதானம் சொல்லி அனுப்பியவரும் அதே அம்மாதான். என்னிடம் வந்தபோது ஓராண்டு தாண்டியிருந்தது. மிச்சம் இருந்தது கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழி. அது வேறு மனு, வேறு சாட்சியம், பல வாய்தாக்கள். அந்த அம்மா நாவல் படித்து அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மா போன்றவர்களிடமிருந்துதான் நம் நாவல்கள் அந்த வரியைக் கற்றுக்கொண்டன. கற்றதைப் பட்டுச்சேலை கட்டித் திருப்பிக் கொடுக்கின்றன என்பதுதான் என் எரிச்சல்.

யோசித்துப் பாருங்கள். ஓர் ஆண்டுக்குள் முடிவு செய்ய வேண்டிய பெண். நாட்காட்டி அவளுக்கு எதிராக நகர்கிறது. அவனோ நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது போலத் தெரிகிறது. மாற்றம் உண்மையா, அந்த ஆண்டு கழியட்டும் என்ற கணக்கா? இதைவிட இறுக்கமான கதைக்கரு வேண்டுமா? இதை விட்டுவிட்டுக் காய்ச்சலும் கஷாயமும் எழுதுகிறீர்களே.

ஒப்பந்தக் கல்யாணக் கதைகளுக்கும் ஒரு வார்த்தை. "ஆறு மாதம் மனைவியாக நடி, பிறகு பிரிந்துவிடலாம்" என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அதைக் கொண்டுபோய் எந்த நீதிமன்றத்திலும் நிறைவேற்ற முடியாது. திருமணமாகி ஓராண்டு ஆகும் முன் விவாகரத்து மனு போடுவதற்கே, விதிவிலக்கான சூழல் தவிர, வழியில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பிறகு மீண்டும் ஆறு மாதக் காத்திருப்பு. தக்க காரணம் இருந்தால் அந்தக் காத்திருப்பை விலக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புக்கு முன் இருவரில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். இரண்டாம் முறை இருவரும் வந்து நின்று "ஆம்" என்று சொல்லியாக வேண்டிய அந்த நாள் வரைக்கும் ஏதும் நடக்கலாம். காதல் கதை எழுதுகிறவர்களுக்கு நாடாளுமன்றம் இலவசமாகக் கொடுத்த பரிசு இது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்கிற காட்சியையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதற்கு முப்பது நாள் அறிவிப்பு வேண்டும்.

"உணர்ச்சி ஆழமாக வர வேண்டும் என்றுதான் இவ்வளவு கொடுமை வைக்கிறேன்" என்பார்கள். கொடுமையின் அளவு கூடினால் ஆழம் கூடாது. என் அறையில் வந்து உட்காரும் பெண்கள் பக்கம் பக்கமாக அழுவதில்லை. எப்போது நடந்தது என்று கேட்டால் தேதி வராது. "தீபாவளிக்கு முந்தின வாரம், புது மிக்ஸி வந்த அன்று" என்று வரும். அடித்ததைப் பால் கணக்கு சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழை அவர் பீரோவில் வைத்துப் பூட்டியதைச் சொல்லும்போது குரல் உடையும். மாடிப்படியில் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய மனநிலையைக் கணிக்கப் பழகியிருப்பார்கள். பேச்சின் நடுவே "மற்றபடி அவர் நல்லவர்தான்" என்பார்கள். அது பொய்யாகவும் இருக்காது. வெறுப்பும் இரக்கமும் பழக்கமும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று விரட்டாமல் இருக்க முடியும் என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் நான் கேட்டிருக்கிறேன். உங்கள் நாயகி நாற்பது அத்தியாயத்தில் ஒருமுறையாவது அப்படிப் பேசட்டும்.

ஆண்களுக்கும் இதுவே. பரஸ்பர மனுவில் கையெழுத்துப் போட்டு முடித்த கணவர் ஒருவர், மனைவியின் வக்கீலான என்னிடம் தயங்கித் தயங்கி வந்து, "அவளுக்கு சைனஸ் தொல்லை, ஏசிக்கு நேராக உட்கார வைக்காதீர்கள்" என்றார். அவர் ஆறடி உயரம் இல்லை. கம்பெனி எம்.டி.யும் இல்லை. கோபத்தில் அவருக்கு நெற்றி நரம்பு புடைத்ததா என்று தெரியாது. அவர்களுக்கு விவாகரத்தும் ஆயிற்று. அன்பு இருந்தும் சேர்ந்து வாழ முடியாத மனிதர்கள் உண்டு என்பதை நம் காதல் கதைகள் ஏன் இவ்வளவு அஞ்சுகின்றன?

"வாசகிகள் இதைத்தான் கேட்கிறார்கள்" என்ற பதிலும் எனக்குத் தெரியும். நானும் வாசகிதான். முரட்டு நாயகனை எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, எழுதுங்கள். அவன் செய்ததற்கு அவள் மனத்தில் ஒரு விலை இருக்கட்டும், அந்த விலையை அவன் கொடுக்கட்டும். மன்னிப்புக் கேட்டால் எதற்கென்று பெயர் சொல்லிக் கேட்கட்டும். அவள் மன்னிக்க மறுக்கும் வாய்ப்பு கடைசிப் பக்கம் வரை உயிரோடு இருக்கட்டும். அறைவதை உரிமை என்று எழுதாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் "காதலோடு அறைந்தால்" என்று விதிவிலக்கு கிடையாது. அவளுக்கு ஒரு வேலை, கையில் கொஞ்சம் பணம், நள்ளிரவில் அழைக்கக்கூடிய ஒரு தோழி, இதில் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். மூன்றையும் பறித்துவிட்டு அவள் அங்கேயே தங்கியதற்குக் காதல் என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

இதைப் படிக்கும் யாராவது மூன்றாம் அத்தியாயத்தை நிஜமாகவே வாழ்ந்துகொண்டிருந்தால், உங்களிடம் எனக்குக் கடுமை இல்லை, கெஞ்சல்தான். 181 பெண்கள் உதவி எண். 15100 சட்ட உதவி எண். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். திருமணத்தைச் செல்லாததாக்குவது, விவாகரத்து பற்றி நான் சொன்னவை இந்து திருமணச் சட்டத்துக்குரியவை. கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்களுக்குச் சட்டம் வேறு, அதையும் அங்கேயே சொல்வார்கள். போகும்போது கல்யாணத் தேதி, கடைசியாக மிரட்டப்பட்ட தேதி, வந்த குறுஞ்செய்திகள், உடன் இருந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தேதி நினைவில்லை என்றால் மிக்ஸி வந்த நாள் என்றே எழுதுங்கள்; கடை ரசீதை வைத்துத் தேதியை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.