பைப் மானியம்: கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

பேராவூரணிப் பக்கம் தென்னைக்கும் திருவையாற்றுப் பக்கம் வாழைக்கும் போர்வெல் தண்ணீரைப் பைப்பில் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். அரசு பைப்புக்குப் பணம் தருகிறது என்பது மட்டும் காதில் விழுந்து, வட்டிக்கு வாங்கிப் பைப்பைப் பதித்துவிட்டு, பில்லோடு அலுவலக வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

துணை நீர் மேலாண்மைத் திட்டத்தில் நீர் கடத்தும் குழாய்க்குச் செலவில் பாதி, ஹெக்டேருக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் 4,000தான். ஆனால் இது தனியாக வராது. அதே நிலத்தில் சொட்டுநீரோ தெளிப்புநீரோ அமைத்தால்தான் உண்டு. அந்தச் சொட்டுநீர், தெளிப்புநீர் அமைப்புக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு, 100 சதவீத மானியம்; மற்றவர்களுக்கு 75. இந்த 100 சதவீதமும் அரசு நிர்ணயித்த விலைக்குள்தான், அதற்கு மேல் போனால் உங்கள் கைக்காசு. ஏஜென்ட் "எல்லாம் இலவசம்" என்று சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் விண்ணப்பம், அப்புறம் அனுமதி, அதன் பிறகுதான் பைப். வரிசை மாறினால் பணம் போச்சு. பில் ஜிஎஸ்டி பில்லாக உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளத்தை மூடும் முன் அதிகாரியை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரத் தாமதமானால் பைப் தெரியும்படி நீங்களே போட்டோ எடுத்து வையுங்கள். மண்ணுக்குள் போன பைப்பைப் பிறகு யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள்.

டெல்டாவில் ஆளைக் கவிழ்ப்பது பட்டாதான். அப்பா இறந்து எத்தனையோ வருடம் ஆகியும் சிட்டாவில் அவர் பெயரே இருக்கும், அல்லது அண்ணன் தம்பி எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். முதலில் பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடுங்கள், அதுதான் அதிக நாள் இழுக்கும் வேலை. கோயில் நிலம், மடத்து நிலம் உழுகிறவர்கள் பாடு இன்னும் மோசம்: தலைமுறையாகப் பயிர் வைத்தாலும் காகிதத்தில் அவர்கள் இல்லை. குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அதில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள். சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையம் போதும், வேறு எங்கும் அலைய வேண்டாம்.

எந்த அலுவலகம்? வாழை என்றால் தோட்டக்கலைத் துறை, தென்னையும் கரும்பும் என்றால் வேளாண்மைத் துறை. இதைச் சொல்லாமலே அங்கும் இங்கும் விரட்டுவார்கள். பள்ளம் தோண்ட ஜேசிபி வேண்டுமென்றால் அது மூன்றாவது இடம், வேளாண் பொறியியல் துறை. உழவன் செயலியில் பதிவு செய்யலாம், தனியார் வாடகையை விடக் குறைவு. அந்த வாடகை பைப் மானியத்தில் சேரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

சொட்டுநீர் கம்பெனி ஆள் நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசி வரிசை மரம் வரை தண்ணீர் போவதைப் பார்த்த பிறகு வேலை முடிந்ததாக எழுதிக் கொடுங்கள். அதே நிலத்துக்கு மறுபடி சொட்டுநீர் மானியம் கேட்க 7 வருடம் ஆகும்.

"ஃபண்ட் இல்லை, அப்புறம் வாங்க" என்றால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.