தட்டச்சுப் பழக்கமும் கழுத்து வலியும்

இயன்முறை மருத்துவராக நான் பார்க்கும் கணினிப் பணியாளர்களில் பலர், கழுத்து வலிக்கு மருந்தாக நல்ல நாற்காலியை வாங்கி, திரையையும் கண்மட்டத்துக்கு உயர்த்திய பிறகே சிகிச்சைக்கு வருகிறார்கள். அப்படியும் வலி குறையாதவர்களிடம் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து காட்டச் சொல்வது என் வழக்கம். இரண்டு மூன்று விரல்களால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவரின் தலை விசைப்பலகைக்குக் குனிகிறது, திரைக்கு நிமிர்கிறது, அடுத்த சொல்லுக்கு மீண்டும் குனிகிறது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைச் சாய்ந்த நிலையில் தாங்கும் வேலை, பிடரித் தசைகளின் மீது நாள் முழுவதும் விழுகிறது. திரையை உயர்த்தியதால் இவர்களுக்குக் குனிந்து நிமிரும் தூரம்தான் கூடியிருக்கும். ஆகவே, விசைகளைப் பார்க்காமல் பத்து விரல்களாலும் தட்டச்சு செய்யக் கற்பதைக் கழுத்துக்கான சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் பரிந்துரைக்கிறேன்.

எஃப், ஜே விசைகளின் மேல் தடவிப் பார்த்தால் சிறு மேடு தட்டுப்படும். சுட்டுவிரல்கள் அங்கே அமர, மற்ற விரல்கள் அதே வரிசையில் தத்தம் இடங்களில் அமரும். எந்த விசையை அடித்தாலும் விரல் அந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். தமிழில் நிறைய எழுதுபவர்கள் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கற்பது நல்லது. 1999-இல் வகுக்கப்பட்ட அந்த முறையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால், உயிர்மெய்களை அடிக்கும்போது கைகள் மாறி மாறி இயங்குகின்றன. ஒரே கை களைத்துப்போவதில்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட் விசையை எப்போதும் எதிர்க்கையால் அழுத்த வேண்டும். ஒரே கையால் இரண்டையும் எட்டிப் பிடிப்பதால் சுண்டுவிரல் பக்கம் வலியோடு வருபவர்களைப் பார்க்கிறேன்.

மணிக்கட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டிலுள்ள குறுகிய பாதை வழியாகச் செல்கின்றன. கையை மேல்நோக்கி வளைத்தபடி அடிக்கும்போது அந்தப் பாதையில் அழுத்தம் கூடுகிறது. விசைப்பலகையின் பின்புறக் கால்களை விரித்து வைப்பது இந்த வளைவை அதிகமாக்குவதால், அவற்றை மடக்கிவிடுங்கள். முழங்கை உடலை ஒட்டிச் செங்கோணத்தில் மடங்கியும், முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேர்கோட்டிலும் இருக்க வேண்டும். அடிக்கும் நேரத்தில் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றக் கூடாது. தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்குப் பயின்றவர்களுக்கு விரல்முறை கைவந்திருக்கும். ஆனால், இயந்திரத்தில் ஓங்கி அடித்த பழக்கம் கணினிக்குத் தேவையில்லை, மெல்லத் தொட்டாலே போதும். மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒட்டியே இருப்பதால், நெடுநேரம் எழுதுபவர்கள் தனி விசைப்பலகை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தொடக்க வாரங்களில் பழைய வேகமும் குறைந்துபோகும். பெரும்பாலோர் கைவிடுவது அப்போதுதான். தினமும் கால்மணி நேரம், வேகத்தைக் கணக்கிடாமல், பிழையின்றி அடிப்பதை மட்டும் பழகுங்கள். கைகளின் மேல் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டால் கண் தானாகவே திரைக்குப் போய்விடும்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய் உறக்கம் கலைந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் நரம்பின் மீதான அழுத்தம் முழங்கையிலும் இருக்கக்கூடும். நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி அமரும் வழக்கம் உண்டா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.